நான்காம் பாகத்துக்கு ஆள் எடுக்கிறார்கள்

மாம்பழக் கூழ் ஃபேக்டரியில்
நைட் ஷிஃப்ட் முடிந்து கைகழுவும்போது
மாதேஷ் வந்து சொன்னான்:
'யாளிமுடி' நாலு எடுக்கிறாங்களாம்,
திங்கட்கிழமை விடியக்காலம்
ராயக்கோட்டை மேம்பாலத்தடியில் வேன் நிற்கும்,
தலைக்கு எழுநூற்றைம்பது, மத்தியானம் பிரியாணி,
தாடி இருந்தால் ஐம்பது சேர்த்து.

சோப்புக்கும் எலுமிச்சைக்கும் போகாத மஞ்சள்
நகக்கண்ணில் இருக்க
கன்னத்தைத் தடவிப் பார்த்தேன்.

முதல் பாகத்தில் நான் செத்தது
பதினோராவது நிமிடம்.
அஞ்செட்டி ரோட்டுப் பாறைமேல்
கழுத்தில் அம்பு, வாய் நிறைய பீட்ரூட் சாறு.
இரண்டாம் பாகத்தில் எதிரி நாட்டான்.
நெற்றியில் கொம்பு ஒட்டினார்கள்,
யாளி மிதித்துக் குப்புறச் செத்தேன்.
யாளி அங்கே இல்லை.
பச்சைத் துணி சுற்றிய மூங்கிலை ஒருவன் தூக்கிவர
அதைப் பார்த்துத்தான் அலறினோம் முந்நூறு பேர்.
என் முதுகில் ஏறிய பாதத்தை
எட்டு மாதம் கழித்து
கிருஷ்ணகிரி தியேட்டரில்தான் பார்த்தேன்.
"வலிச்சுதா?" என்றாள் நாகவேணி, இருட்டில்.
"லேசா" என்றேன்.

மூன்றில் மட்டும் சாகவில்லை.
கொல்ல மறந்துவிட்டார்கள்.
கடைசிக் காட்சியில்
அரசி முடியைக் கழற்றி ஆற்றில் விடுகிறாள்.
ஒகேனக்கல் தண்ணீர் அதை வாங்கி
ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு
உள்ளே எடுத்துக்கொள்கிறது.
முப்பத்திரண்டாம் வரிசையில், மங்கலாக,
தாடியும் ஈட்டியுமாய்
மூக்கைச் சொறிந்துகொண்டு நிற்பவன் நான்.
போர் முடிந்துவிட்டது.
அவன் இனி வீட்டுக்குப் போகலாம்.

இப்போது அந்த முடி கரை ஒதுங்குமாம்.
அரசியின் சின்ன வயசு, எட்டு எபிசோடாம்.
யாளிக்குட்டிக்குத் தனியாகக் கார்ட்டூன்.
வில்லனுக்கும் ஒரு நல்ல அப்பா இருந்தாராம்,
அவருக்கும் ஒரு படமாம்.

"கதைதான் முடிஞ்சிடுச்சே" என்றேன்.
"கூட்டம் முடியலையே" என்றான் மாதேஷ்.

எனக்குத் தெரியாததா.
கூழ் எடுத்த பிறகு
கொட்டையில் ஒட்டியிருப்பதைத் தண்ணீர் விட்டு அலசி
இன்னும் நாலு டின் நிரப்புகிறவன்தான் நானும்.
அதற்கும் அதே லேபிள்தான்,
அதே வெட்டிய மாம்பழப் படம்தான்.
குடிப்பவர் யாரும் திருப்பி அனுப்பியதில்லை.

ஆனால் ஒன்று, யாரிடமும் சொன்னதில்லை.
ரக்ஷிதாவுக்கு ஏழு வயசு.
டிவியில் கடைசிக் காட்சியை நிறுத்தி
அந்தப் புள்ளிமேல் விரல் வைத்து
"அப்புறம் எங்க போனே?" என்று கேட்டாள்.
நடந்தே பாலக்கோடு போனான் என்றேன்.
அப்புறம்?
ஈட்டியை உடைத்துத் தக்காளிச் செடிக்கு ஊன்றுகோல் வைத்தான்.
அப்புறம்?
கிலோ மூன்று ரூபாய்க்கு விழுந்த வருஷம் வந்தது.
யாளிக்குப் பயப்படாதவள்
அன்றைக்குப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.
இதோடு நாற்பது ராத்திரி ஆயிற்று,
அவன் இன்னும் முடிந்தபாடில்லை.
பெரிய கம்பெனிக்காரனை நான் எந்த வாயால் திட்டுவது?

எழுநூற்றைம்பது.
வேன் ஃபீஸ் இரண்டு மாத பாக்கி.

திங்கள் நாலரை மணிக்கு
கண்ணாடி முன்னால் நின்று
தாடியை மழித்தேன், மீசையையும்.
"ஐம்பது ரூபாய் போச்சே, புத்தி கெட்டுப்போச்சா?"
அடுப்படியிலிருந்து நாகவேணி.

போகட்டும்.
இன்றைக்குச் சாகப் போகிறவன் வேறு ஆள்.
தாடிக்காரன் பாலக்கோட்டில்
தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறான்.